எழுபத்தாறிலிருந்து முப்பத்தெட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பிள்ளைகளிடம் காட்டுவது பாதிதான், மீதியை சாக்பீஸிடம் காட்டிவிடுவேன். ஒரு நாளைக்கு மூன்று சாக்பீஸாவது உடையும். ஆனால் வாசிப்புத் தேர்வு என்று வந்துவிட்டால் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவள் என் வகுப்பின் இருபத்தெட்டாவது பெண்.

அவளைப் பிள்ளைகள் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். அவள் அப்பா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். அவர் குரலை அப்படியே எடுத்துவிடுவாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் மூக்கால் ஆரம்பித்தால், பக்கத்து வகுப்பு டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் போலிருக்கும். ஒரு தடவை காதில் விழுந்தது அவளுக்கு மறக்காது. என் குரலிலும் பேசுவாளாம். நான் கேட்டதில்லை, கேட்கவும் ஆசையில்லை.

எங்கள் பள்ளியில் ஆசிரியரும் பிள்ளைகளோடு சேர்ந்தே அடுத்த வகுப்புக்குப் போவார். இரண்டாம் வகுப்பிலிருந்து, இப்போது மூன்றாம் வகுப்பு வரை, இந்த இருபத்தெட்டுப் பேரும் என் கையில்தான். வாசிப்புத் தேர்வை நான் நடத்தும் முறையே தனி. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. வரிசை எண்படி ஒவ்வொருவராக வந்து உட்கார வேண்டும், மற்றவர்கள் பின்னால் சத்தம் போடாமல் நிற்க வேண்டும். கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்து ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். என்னிடம் இருக்கும் பிரதியில் தப்பும் திணறலும் குறித்துக்கொண்டே போவேன். ஒரு நிமிடம் ஆனதும் எத்தனை சொல் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவேன். எல்லாத் தடவையும் ஒரே பக்கம்தான். 'மழை நாள்' என்று தலைப்பு. பக்கத்தை மாற்றினால் பிள்ளை முன்னேறியதா, பக்கம் சுலபமானதா என்று எப்படித் தெரியும்? இது என் வாதம். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ரேடியோவின் பெயருக்கு நேரே போன தேர்வின் கணக்கு என் கையெழுத்தில் இருந்தது: எழுபத்தாறு சொல். தப்பு, இல்லை. திணறல், இல்லை. குறிப்பு: சரளம்.

அரையாண்டுக்கு எட்டு வாரம் இருந்தது. அரையாண்டுத் தேர்வைத் தலைமையாசிரியை தாமே நடத்துவார், அவர் தேர்ந்தெடுக்கும் பக்கத்தை வைத்து. அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று அலுவலகத்தில் 'மழை நாள்' இருபத்தெட்டுப் பிரதி எடுத்துவரச் சொன்னேன். வந்த கட்டை எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியாக வந்து உட்கார்ந்தாள் ரேடியோ. கட்டில் கடைசியாக இருந்த தாளை எடுத்து அவளிடம் நீட்டி, ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

"மழை பெய்தது. சிறுமி குடையை எடுத்தாள். குடையில் ஒரு ஓட்டை இருந்தது" என்று ஏற்ற இறக்கத்தோடு போனாள். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. ஓட்டை என்ற இடத்தில் குரலில் ஒரு வருத்தம்கூட வந்தது. நிமிடம் முடிந்தது. எண்பத்தொன்று. "சபாஷ்" என்று சொல்லித் தாளை வாங்கினேன். தாளின் தலையில் எறும்புப் படம் போட்டிருந்தது. 'எறும்புகளின் வீடு.' ஐந்தாம் வகுப்புப் பக்கம், எப்படியோ கட்டில் கலந்துவிட்டிருக்கிறது. அதில் மழையும் இல்லை, குடையும் இல்லை.

தாளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். என் முகம் மாறியதை அவளும் பார்த்துவிட்டாள்.

யோசித்தால் எல்லாம் விளங்கியது. அவளுக்கு வரிசை எண் இருபத்தெட்டு. அவள் முறை வருவதற்குள் இருபத்தேழு பேர் 'மழை நாளை' அவள் காதில் ஓதிவிடுகிறார்கள். ஒரு தடவை கேட்டாலே போதும் என்ற பிள்ளைக்கு நான் இருபத்தேழு தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். பிறகு சரளம் என்று எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் எல்லோரும் விளையாடப் போனதும் அவளை மட்டும் நிறுத்தி, அவள் கேட்டிராத ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். முதல் எழுத்தைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், ஒரு சொல்லை ஊகித்துச் சொல்வாள். ஒரு நிமிடத்தில் ஒன்பது சொல். எழுதினேன், தேதி போட்டேன். பதிவேட்டில் ஒட்ட வேண்டிய தாள் அது. ஒட்டவில்லை. மடித்து என் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு இழுத்து மூடினேன். எழுபத்தாறு என்று என் கையெழுத்து இருக்கும் பக்கத்தில் ஒன்பதை எப்படி ஒட்டுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்தான் நானும்.

"மிஸ்" என்றாள். "என்னைக் கீழ் வகுப்புக்கு அனுப்பிடுவாங்களா?"

அதுதான் பள்ளியின் விதி. அரையாண்டில் நாற்பது சொல்லுக்குக் கீழே போனால் ஒரு வகுப்பு இறக்கம். முன்னேற்றம் இருக்கிறது என்று வகுப்பாசிரியர் காட்டினால் மட்டும் விலக்கு.

"யார் சொன்னா உனக்கு?"

"எல்லாருக்கும் தெரியும் மிஸ். ரெண்டாம் வகுப்புல குட்டி இருக்கா. அவ பக்கத்துல நான் உக்காரணும்."

குட்டி என்பது அவள் தங்கை. இவளைவிட ஒன்றரை வயது சின்னவள். சோப்பு உறை, மருந்துச் சீட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிடுகிற வாயாடி. அக்காவும் தங்கையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் குட்டி ஒன்றும் சொல்லமாட்டாள், இடம் விட்டு உட்காருவாள். அதுதான் இவளால் தாங்க முடியாதது. "அனுப்ப விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலமே பேருந்து நிலையத்துக்குப் போனேன், அப்பாவைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று. ஒலிபெருக்கி அறை என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மைக், ஒரு மின்விசிறி, ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு. மனிதர் வெளியில் சிங்கம், நேரில் ஆட்டுக்குட்டி. நான் சொல்லச் சொல்ல வியர்த்துவிட்டார்.

"படிக்கத் தெரியாதா? தினம் பாடம் படிக்கிறாளே மிஸ்!"

"நீங்க என்ன செய்வீங்க?"

"நான் ஒரு தடவ சத்தமா படிச்சுக் காட்டுவேன். அவ உடனே திருப்பிப் படிச்சிடுவா. ஒரு எழுத்து தப்பாது. எனக்குப் பெருமையா இருக்கும் மிஸ். என் குரல் அவளுக்கு வந்திருக்குன்னு அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லியிருக்கேன்." கையிலிருந்த துண்டுச் சீட்டை மேசையில் வைத்தார். "அவ படிக்கல, நான்தான் படிச்சிட்டிருந்தேன். இல்லையா?"

திட்டத்தான் வந்திருந்தேன். இவர் வீட்டில் செய்ததைத்தான் நான் பள்ளியில் செய்திருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு.

"இனிமே படிச்சுக் காட்டாதீங்க. அவ படிக்கறத நீங்க கேட்டா மட்டும் போதும்" என்றேன்.

மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம். விளையாட்டுச் சாமான் அறையில், சுருட்டி வைத்த பாய்களுக்கும் காற்றுப் போன பந்துகளுக்கும் நடுவில் இரண்டு நாற்காலி. வேறு யார் குரலும் கேட்காத இடம் அது ஒன்றுதான். முதலில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்தேன். தனி எழுத்து எல்லாம் தெரியும். துணைக்கால் தெரியும். கொம்பு வந்தால்தான் தடுமாற்றம். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இந்த இடத்தில் என்றோ ஒரு நாள் திகைத்து நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து முதல் எழுத்தைப் பார்ப்பதும் மீதியை ஊகிப்பதும்தான் அவள் வாசிப்பு.

ஊகிக்கவே முடியாத சொல் வேண்டும் என்று நானே அர்த்தமில்லாத சொற்களை அட்டையில் எழுதினேன். பொலிகு. தேமாறி. கெட்டுபோசை.

"இதுக்கு என்ன அர்த்தம் மிஸ்?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்ப எதுக்குப் படிக்கணும்?"

"உன்ன மாதிரி ஆளுங்கள மடக்கத்தான்."

சிரித்தாள். இருபது அட்டையில் முதல் நாள் ஆறு சரி. பத்து நாள் கழித்துப் பதினைந்து. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அர்த்தமில்லாத சொல்லை எத்தனை நாள் படிப்பாள்? கதைப் புத்தகம் கொடுத்தால் பாதிக்கு மேல் எங்கேயோ காதில் விழுந்த கதையாக இருந்தது.

வழி சொன்னது அப்பாதான். ஒரு நாள் காலையில் பள்ளி வாசலில் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டோடு நின்றார். "இது தினம் மாறும் மிஸ். நேத்து சொன்னத இன்னிக்குச் சொல்ல முடியாது. சொல்லி முடிச்சதும் குப்பைக்குத்தான் போகும்." எந்த நடைமேடை மாறியது, எந்த வண்டி தாமதம், என்ன தொலைந்தது, என்ன கிடைத்தது என்று அவர் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதியவை. அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கட்டிப்பிடிக்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" வரைக்கும் பறந்தாள். அதற்கப்புறம் வண்டி நின்றுவிட்டது. மூ...ன்...றா...ம் என்று ஒவ்வொன்றாக இழுத்துக் கோத்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். என் முகத்தில்தானே அவள் விடையைத் தேடுவாள்?

அடுத்த வாரத்திலிருந்து சீட்டை அவளிடமே கொடுத்தனுப்பினார் அப்பா. திடீரென்று வேகம் கூடியது. ஒரு சீட்டு, இரண்டு சீட்டு, தட்டுத்தடுமாறாமல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஒரு சீட்டில் 'நான்காம் நடைமேடை' என்றிருந்ததை அடித்து 'ஏழாம்' என்று எழுதிக் கொடுத்தேன். விரல் ஏழாம் என்ற சொல்லின் மேல் நின்றது. வாய் நான்காம் என்றது.

"யார் படிச்சுக் காட்டினா?"

சீட்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"யாருன்னு கேக்கறேன்!"

"குட்டி."

வீட்டில் ஒப்பந்தமே நடந்திருக்கிறது. ஒரு சீட்டைக் குட்டி படித்துக் காட்டினால், அவளுக்கு அப்பா குரலில் மூன்று அறிவிப்பு. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த அட்டைகளைத் தரையில் வீசினேன். "நான் சாப்பாட்ட அள்ளிப் போட்டுட்டு ஓடி வரேன், நீ என்னையே ஏமாத்தறியா?" என்று கத்தினேன். பந்துக் கூடைகூட அதிர்ந்தது.

அவள் அழவில்லை. கீழே இறங்கி அட்டைகளைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "தப்பாப் படிச்சா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது மிஸ். சரியாச் சொன்னா நல்லா இருக்கு. எனக்கு அது நல்லா இருக்கணும்."

நானும் அவளோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவள் ஒரு சீட்டை மறைத்தாள் என்று இந்தக் கத்து கத்துகிறேன். நான் மறைத்த தாள் என் பையிலேயே இருக்கிறது, ஐந்து வாரமாக. இவளாவது என் முகம் கோணக்கூடாது என்று மறைத்தாள். நான் யாருக்காக மறைத்தேன்?

"கத்தினது தப்பு" என்றேன். "இனிமே நீ தப்பாப் படிச்சா எனக்குச் சந்தோஷம். தப்பு வந்தாத்தான் நீ படிக்கறேன்னு அர்த்தம். தெரிஞ்சுதா?"

"நிஜமாவா மிஸ்?"

"நிஜமா. மூஞ்சி கோணுச்சுன்னா அது என் மூஞ்சியே அப்படி."

மறுநாளிலிருந்து சீட்டுகள் ஒட்டிய கவரில் வந்தன. ஒட்டின இடத்தில் அப்பாவின் கையெழுத்து. பின்னால் குட்டியின் எழுத்தில் ஒரு வரி: 'நான் திறக்கவில்லை.'

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. கவரைக் கிழித்து ஒரு சீட்டை எடுத்தாள். விரல் வைத்து மெதுவாகப் போனாள். "இடது கால் செருப்பு ஒன்று... கி, கிடை... கிடைத்துள்ளது. உரியவர்... வலது கால்... செரு... செருப்புடன் வந்து... பெற்... பெற்றுக்கொள்ளவும்." அட, கொம்பு! அதை நான் மனதுக்குள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே அவள் நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியிலிருந்து சரிந்து பாயில் விழுந்து சிரித்தாள். "ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டே வருவாங்க மிஸ்!" யாரும் அவளுக்குச் சொல்லாத ஒரு விஷயம், தாளிலிருந்து நேராக அவள் தலைக்குள் போயிருக்கிறது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சிரிப்புதான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வு நாள் வந்தது. தலைமையாசிரியையின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் கால அட்டவணை. அதிகம் பேசமாட்டார் அவர். பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பக்கம், மற்றவர்கள் வராந்தாவில். நான் ஓரத்தில் உட்கார்ந்து என் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ரேடியோவுக்குக் கிடைத்தது ஒரு பூனைக் கதை. பூனை ஒன்று தவறிப் போய் லிஃப்டுக்குள் ஏறிவிடுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவது வரியில் 'கதவு' என்பதைக் 'கதை' என்றாள். அடுத்த சொல்லுக்குப் போனவள் நின்றாள். "கதை எப்படி மூடும்?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "கதவு மூடியது" என்று திருத்திப் படித்தாள். எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு. மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள். பூனை முதல் மாடிக்குப் போனது, அங்கே ஒரு நாய் நின்றது. இரண்டாம் மாடிக்குப் போனது, அங்கே ஈரத் துடைப்பம். மூன்றாம் மாடிக்கு...

"போதும்" என்றார் தலைமையாசிரியை. முப்பத்தெட்டு.

"இருங்க மேடம்" என்றாள் ரேடியோ, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பூனை எந்த மாடியில எறங்குதுன்னு பாத்துக்கறேன்."

எங்கள் பள்ளியில் அவரை 'இருங்க' என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவர் பேனா மூடி அப்படியே நின்றது. ஜன்னலோரம் போய்ப் படி என்று கையைக் காட்டிவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார்.

"போன தடவ எழுபத்தாறு. இப்ப முப்பத்தெட்டு. பாதியாக் கொறஞ்சிருக்கு" என்றார். "நாப்பதும் தொடல, முன்னேற்றமும் இல்ல. எறக்க வேண்டியதுதான். நீங்க என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? என் கையெழுத்தே அவளுக்கு எதிர்சாட்சி. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என் பெயர் தப்பிக்கும், பிள்ளை பின்தங்கிவிட்டாள் என்று ஊர் சொல்லும். ஜன்னலோரத்தில் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல் நகர்ந்துகொண்டிருந்தது, இந்தத் தடவை உண்மையாகவே.

உள்ஜிப்பைத் திறந்தேன். எட்டு வாரத்தில் மடிப்பெல்லாம் அழுக்காகிவிட்டது. விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"அந்த எழுபத்தாறு பொய் மேடம். அவ சொன்ன பொய் இல்ல, நான் எழுதின பொய். ஒரே பக்கத்த ரெண்டு வருஷமா வச்சிருந்தேன். அவ முறை வர்றதுக்குள்ள இருபத்தேழு பேர் படிக்கறதக் கேட்டு ஒப்பிச்சிருக்கா. நிஜமான கணக்கு இதுதான். ஒன்பது. தேதி போட்டிருக்கேன். ஒன்பதுலருந்து முப்பத்தெட்டு."

"எட்டு வாரமா இது எங்க இருந்துச்சு?"

"என் பையில. வெக்கத்துல மறைச்சேன்."

அவர் அந்தத் தாளைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கூட்டத்தில் நான் எழுந்து நின்று வாதம் செய்தது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இந்த வகுப்புல இன்னும் எத்தன பேர் காதால படிக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அடுத்த வாரத்துக்குள்ள இருபத்தேழு பேரையும் தனித்தனியா, புதுப் பக்கம் வச்சுப் பாருங்க. பழைய கணக்கு எல்லாத்தையும் அடிச்சிடுங்க. அடுத்த கூட்டத்துல ஏன் அடிச்சீங்கன்னு நீங்களே சொல்லணும்." பேனா மூடியைத் திறந்தார். "இவ இங்கயே இருக்கட்டும். அந்த இருபது நிமிஷத்த நிறுத்திடாதீங்க."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ரேடியோ தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மிஸ், பூனை எறங்கவே இல்ல! எல்லா மாடியும் பாத்துட்டு, லிஃப்டே நல்லாருக்குன்னு அங்கயே தூங்கிடுச்சு!"

"அப்படியா?" என்றார் தலைமையாசிரியை. "நான் அந்தப் பக்கத்தக் கடைசி வரைக்கும் படிக்கல."

"நான் படிச்சுக் காட்டவா மேடம்?"

வராந்தாவில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர் மணியைப் பார்த்தார். பிறகு ஸ்டாப்வாட்சை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, "ம், படி" என்றார். அவள் நடுவிலிருந்து ஆரம்பித்தாள். தன் குரலில், திக்கித் திக்கி.

நான் பதிவேட்டைப் பக்கத்தில் இழுத்து, பழைய பக்கத்தில் சரளம் என்ற சொல்லை அடித்தேன். ஒன்பதை அதனிடத்தில் ஒட்டினேன். கீழே முப்பத்தெட்டு என்று எழுதி, தப்பு ஒன்று, தானே திருத்திக்கொண்டாள் என்று குறித்தேன். குறிப்புக்கான கட்டம் காலியாக இருந்தது. அதில், படிக்கிறாள் என்று எழுதினேன்.